முப்பது துவரை, இருபது மொச்சை, நாற்பது உதிரி

அந்தக் காலத்தில் எறும்புக்கு வாய் நீளம். காலையில் வளையை விட்டு வெளியே வந்தால் சாயங்காலம் வரை ஓயாத பேச்சு. அணிலும் பேசியது, மைனாவும் பேசியது, கீரியும் பேசியது. ஆனால் எறும்பு பேசிய அளவுக்கு யாரும் பேசவில்லை. இன்றைக்கு எறும்பின் வாயிலிருந்து ஒரு சத்தம் கேட்டிருக்கிறீர்களா? கேட்டிருக்க மாட்டீர்கள். அதற்குக் காரணம் ஒரு கணக்கு. நான் பள்ளிக்கூடத்தில் தப்பாகப் போட்டு முட்டை வாங்கினேனே, அதே கணக்கு.

ஒரு கண்மாய்க் கரை. கரை மேட்டில் பெரிய பாறை. பாறைக்கு அடியில் ஒரு பொந்து. வாசலிலிருந்து உள்ளே தீனி போட்டு வைக்கும் இடம் வரைக்கும் ஒரு மாட்டுவண்டி நீளத்துக்குக் குறுகலான வழி. ஐப்பசியில் மழை இறங்கினால் கண்மாய் நிறைந்து, சுற்றிலும் இரண்டு மாதம் தண்ணீர் நிற்கும். அந்த இரண்டு மாதமும் கரையில் பிழைக்கிற உயிர்களுக்கு அந்தப் பொந்துதான் வீடு. வெயில் காலத்தில் சேர்த்ததை எல்லாரும் உள்ளே கொண்டுவந்து போடுவார்கள். உள்ளே போனது பொது. போட்டவர்கூடத் திருப்பி எடுக்க முடியாது. குடும்பத்தின் அளவுக்கு ஏற்றபடி பங்கு.

வாசலுக்குக் காவல் செவலை என்ற கீரி. அவளுக்குப் பருப்பு வாசனையே ஆகாது, அதனால்தான் அவளைக் காவலுக்கு வைத்தார்கள். அவள் என்ன சாப்பிட்டாள் என்று என்னிடம் கேட்காதீர்கள். தண்ணீர் பூவரச மரத்து வேரைத் தொட்டதும் உருண்டைக் கல்லை இழுத்து வாசலை அடைப்பது அவள் வேலை. தீனி எத்தனை பேருக்குப் போதுமோ அத்தனை பேர்தான் உள்ளே இருக்கலாம் என்பதும் அவள் பார்த்துக்கொள்ள வேண்டியது. ஒரு வருஷம் தெரியாத்தனமாகக் கூடுதலாக ஆட்களை விட்டுவிட்டு, மார்கழியில் பட்டினி கிடந்து, ஒருவரை ஒருவர் கடித்துக் குதறிய கதை ஒன்று உண்டு. அந்த வடு செவலையின் காதில் இன்னும் இருந்தது.

கணக்குச் சொல்வது கிளுக்கி என்ற மைனா. நல்ல மூளைக்காரி. வாய்ப்பாட்டைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். அவளுக்கு ஒரே ஒரு பிடிவாதம் இருந்தது. கணக்கு என்றால் கடைசியில் ஒற்றை எண்ணாக முடிய வேண்டும். முடியாமல் நின்றால் அவளுக்கு உடம்பெல்லாம் அரிக்கும்.

அங்கே வந்த தீனி பெரும்பாலும் நெற்று. நெற்று என்றால் செடியிலேயே காய்ந்து, பருப்பை உள்ளே வைத்து மூடிக்கொண்ட காய். துவரை நெற்று, மொச்சை நெற்று. அந்தக் காலத்து நெற்றுகளுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. ஒரு வருஷத்துத் துவரை நெற்றுகளில் எல்லாம் பருப்பு ஒரே எண்ணிக்கையில்தான் இருக்கும். மொச்சைக்கும் அப்படியே, ஆனால் அதன் எண்ணிக்கை வேறு. அது எத்தனை என்பது மழையையும் மண்ணையும் பொறுத்தது. ஒரு வருஷம் இரண்டு, ஒரு வருஷம் ஐந்து. உடைத்துப் பார்த்தால்தான் தெரியும். வாசல் அடைக்கும்வரை உடைக்கவும் கூடாது. உடைத்த நெற்றின் பச்சை வாசனைக்கு வண்டு வந்துவிடும். வண்டு வந்தால் அந்த வருஷத் தீனி அத்தனையும் மாவாகிவிடும்.

அந்த வருஷம் மழை பொய்த்து விளைச்சல் குறைவு. அணில் குடும்பம் அலைந்து திரிந்து முப்பது துவரை நெற்று கொண்டுவந்தது. மைனா குடும்பம் இருபது மொச்சை நெற்று. அப்போதுதான் எறும்புகள் வந்து சேர்ந்தன. கீழ்க்காட்டில் அவர்கள் இருந்த வரப்பு இடிந்து போனதால் கரைக்குக் குடிவந்தவர்கள். நெற்றைத் தூக்க அவர்களால் முடியாது. கீழே உதிர்ந்து கிடந்த பருப்பாகத் தேடி, பாறை மேல் பத்து நாள் வெயிலில் காயவைத்து, ஒரு பருப்புக்கு மூன்று பேராக உருட்டிக்கொண்டு வந்து போட்டார்கள். நாற்பது உதிரிப் பருப்பு. அந்தக் கூட்டத்துக்குப் பெரியவள் மிளகி. அவள் ஓய்ந்து உட்கார்ந்து செவலை பார்த்ததில்லை.

மழை மேகம் கட்டிய ஒரு மத்தியானம் கிளுக்கி உள்ளே போனாள். ஒவ்வொன்றாக அலகால் ஒரு தட்டுத் தட்டி எண்ணினாள். நெற்றுக்கும் ஒரு தட்டு. உதிரிப் பருப்புக்கும் ஒரு தட்டு. வெளியே வந்து கழுத்தை நிமிர்த்தினாள்.

"தொண்ணூறு" என்றாள்.

செவலை விரலை மடக்கிப் பார்த்தாள். அணில் வீட்டுக்கு ஐம்பது பருப்பு வேண்டும். மைனா வீட்டுக்கு நாற்பது. அதோடு தொண்ணூறு தீர்ந்தது. எறும்புகள் ஆள் சிறிசு, வீடு பெரிசு. அவர்களுக்கு அறுபது வேண்டும்.

கடைசியாக வந்தவர்கள்தான் முதலில் வெளியேற வேண்டும் என்பது பொந்தின் வழக்கம். செவலை தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள்.

"மிளகி, தப்பா எடுத்துக்காத. இந்த வருஷம் ஒங்களுக்கு எடமில்ல."

அந்த நேரத்தில்தான் எறும்புகள் தங்கள் வளையைக் காலி செய்துவிட்டு வந்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொருத்தி வாயிலும் ஒரு முட்டை. வெள்ளை வெளேரென்று, அரிசிக் குருணையைவிடச் சிறிய முட்டை. வரிசையின் தலை தீனி போட்ட இடத்தை எட்டிவிட்டது. வால் இன்னும் வாசலில் செவலையின் கால் அருகே நின்றது. மிளகி மட்டும் வாயில் எதுவும் இல்லாமல் முன்னும் பின்னும் ஓடிக்கொண்டிருந்தாள்.

"பெரியக்கா, நாங்க போட்ட நாற்பது உள்ள கெடக்கே" என்றாள்.

"உள்ள போனது பொது. ஒனக்குத் தெரியாததா?"

"பொதுன்னா எங்களுக்கும் பொதுதான அக்கா? இந்த மழையில முட்டைய எங்க கொண்டு வைக்கிறது?"

 செவலை கொடுமைக்காரி இல்லை. காதின் வடுவைக் காலால் சொறிந்துகொண்டு வேறு பக்கம் பார்த்தாள். "தண்ணி வேரைத் தொடுறதுக்குள்ள வேற எடம் பாருங்க" என்று மட்டும் சொன்னாள். முதல் தூறல் விழுந்தது.

மிளகி அழவில்லை. அழுதிருந்தால் இந்தக் கதை அங்கேயே முடிந்திருக்கும். தொண்ணூறு என்ற அந்த எண்ணைத் தன் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று உள்ளே ஓடினாள். பின்னாலேயே கிளுக்கியும் போனாள். தன் கணக்கை ஒருத்தி சரிபார்க்கப் போகிறாள் என்றால் கிளுக்கிக்குக் காலே தரையில் நிற்காது.

உள்ளே மூன்று குவியல். இடது பக்கம் துவரை நெற்று, வலது பக்கம் மொச்சை நெற்று, ஓரமாக உதிரி. மிளகி ஒரு நெற்றின் மேல் ஏறி நடந்தாள். மேடு, பள்ளம், மேடு என்று காலுக்குக் கீழே தட்டுப்பட்டது.

"மதினி, இத எத்தனைன்னு எண்ணுனீங்க?"

"ஒண்ணு."

"இந்தப் பருப்ப?"

"அதுவும் ஒண்ணு. என்ன கேள்வி இது?"

"நெத்து ஒண்ணு, சரி. அதுக்குள்ள இருக்கிற பருப்பும் ஒண்ணுதானா?"

கிளுக்கி நெற்றை அலகால் புரட்டிப் பார்த்தாள். "உள்ள எத்தனைன்னு யாருக்குத் தெரியும்?" என்றாள்.

"அதத்தான் மதினி நானும் சொல்றேன். யாருக்கும் தெரியாது. தெரியாதத ஒண்ணுன்னு வச்சுட்டீங்க."

"அப்ப நீயே சொல்லு, மொத்தம் எத்தன?"

"முப்பது துவரை நெத்து, இருபது மொச்சை நெத்து, நாற்பது உதிரி."

"அது எனக்கும் தெரியும். மொத்தம் எத்தனன்னு கேட்டேன்."

"அதுதான் மொத்தம்."

"இதுக்குப் பேரு கணக்கா? முடியவே இல்லையே! வால நீட்டிக்கிட்டு நிக்குது!"

"நிக்கட்டும் மதினி. இப்போதைக்கு அது அவ்வளவுதான் முடியும். மேல முடிக்கணும்னா பொய் சொல்லித்தான் முடிக்கணும்."

கிளுக்கிக்கு உடம்பெல்லாம் அரித்தது. அவள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஆறாம் வகுப்பில் நானும் அப்படித்தான். மூன்று க-வும் ஒரு இரண்டும் சேர்த்தால் என்ன என்று வாத்தியார் கேட்டதற்கு, ஐந்து க என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். விடை அப்படியே நிற்கலாம் என்பது எனக்கும் நம்பமுடியாததாகத்தான் இருந்தது. கிளுக்கிக்கு என்னைவிட மூளை அதிகம். அவள் அந்த மூன்று குவியலையும் மறுபடி பார்த்தாள். அலகு மெல்லத் தாழ்ந்தது.

"ஐயையோ" என்றாள். "ஒங்கள வெளிய போகச் சொல்லிட்டாளே. போயி செவலைகிட்டச் சொல்லணும்."

ஆனால் வெளியே மழை வலுத்துவிட்டது. பாறை மேல் விழுந்த மழையின் சத்தத்தில் உள்ளே இருந்து கத்தினால் வாசலில் நிற்பவளுக்குக் கேட்காது. குறுகல் வழி முழுவதும் முட்டையைக் கவ்விய எறும்புகள். கிளுக்கி அந்த வழியில் நடந்தால் பத்து முட்டையாவது காலில் மிதிபடும். மிளகி ஓடிப் போகலாம் என்றால் ஒரு மாட்டுவண்டி நீளம் எறும்புக்கு எவ்வளவு தூரம் என்று நினைத்துப் பாருங்கள். அதற்குள் தண்ணீர் வேரைத் தொட்டுவிடும்.

வரிசைதான் இருக்கிறது, சேதியை அனுப்பலாம். ஆனால் எந்த எறும்பும் வாயைத் திறக்க முடியாது. திறந்தால் முட்டை கீழே ஓடுகிற ஈரத்தில் விழும். வாழ்நாள் முழுவதும் பேசிக்கொண்டே இருந்த இனம், பேசியே ஆக வேண்டிய அந்த நேரத்தில் வாயடைத்து நின்றது.

மிளகி ஒரு கணம் யோசித்தாள். பிறகு வரிசையின் தலையில் நின்றவளிடம் போய் அவள் தலையைத் தன் தலையால் தொட்டாள்.

"கேட்டுக்கோ. பத்துக்கு ஒரு தட்டு. தட்டி முடிச்சதும் துவரைன்னா இடது கொம்பத் தடவு, மொச்சைன்னா வலது கொம்பத் தடவு. மொதல்ல எத்தனை, ஒடனே எது. ரெண்டையும் பிரிச்சிராத. ஒரு சாமான் முடிஞ்சு அடுத்ததுக்குப் போறப்ப தலைய ஒரு தடவ தூக்கி எறக்கு, இன்னும் இருக்குன்னு அர்த்தம். உதிரிக்குக் கொம்பத் தொடவே வேணாம், எண்ணு மட்டும் போதும். அதக் கடைசியில சொல்லு. நடுவுல சொன்னா, பின்னால வர்ற நெத்தோட அந்த எண்ணு போய் ஒட்டிக்கும்."

பிறகு தட்டினாள். மூன்று தட்டு, இடது கொம்பில் ஒரு தடவல். தலை தூக்கி இறக்கல். இரண்டு தட்டு, வலது கொம்பில் ஒரு தடவல். தலை தூக்கி இறக்கல். நான்கு தட்டு. அவ்வளவுதான்.

அந்த எறும்பு திரும்பி அடுத்தவள் தலையைத் தொட்டாள். அடுத்தவள் அதற்கடுத்தவளை. ஒரு முட்டைகூடக் கீழே விழவில்லை. ஒரு தட்டுகூடக் கூடவில்லை, குறையவில்லை. யாரும் வழியில் எதையும் எதோடும் கூட்டிப் பார்க்கவில்லை. அதற்காக அவர்களை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். நானாக இருந்தால் நாலாவது ஆளிலேயே ஒன்பது தட்டு என்று மாற்றியிருப்பேன்.

வரிசையின் கடைசியில் நின்றவள் கடுகி. அந்தக் கூட்டத்திலேயே சிறியவள். சேதி அவள் தலையைத் தொட்டபோது தண்ணீர் வேருக்கு ஒரு விரல் தூரத்தில் இருந்தது. கொம்பைத் தொடாத நான்கு தட்டு தாங்கள் போட்ட நாற்பதுதான் என்று பிடித்துக்கொண்டு, தட்டுக்குப் பத்து, இடது குவியல் துவரை, வலது குவியல் மொச்சை என்று மற்றதையும் அவளே புரிந்துகொண்டாள். செவலை கல்லின் மேல் தோளை வைத்துவிட்டாள்.

செவலையிடம் தட்டிச் சொல்ல முடியாது, வாயால்தான் சொல்ல வேண்டும். முட்டையை எங்கே வைப்பது? சுற்றிலும் ஓடுகிற தண்ணீர். கடுகி விறுவிறுவென்று செவலையின் முன்காலில் ஏறினாள். தங்களை வெளியே போகச் சொன்ன அதே கீரியின் இரண்டு நகங்களுக்கு நடுவே, காய்ந்து கிடந்த ஒரு துளி இடத்தில், தன் முட்டையை வைத்தாள். அதன் பிறகு அவளுடைய காது வரை ஓடிப் போய்ச் சொன்னாள்.

"முப்பது துவரை நெத்து. இருபது மொச்சை நெத்து. நாற்பது உதிரி."

செவலை அசையவில்லை. காலை அசைத்தால் முட்டை போய்விடும்.

"கிளுக்கி தொண்ணூறுன்னு சொன்னாளே?"

"நெத்தையும் பருப்பையும் ஒண்ணாக் கூட்டிட்டாங்க பெரியக்கா."

"சரி, நெத்துக்குள்ள எத்தன இருக்கு?"

"தெரியாது."

மழை பெய்துகொண்டிருந்தது. செவலை தன் நகங்களுக்கு நடுவில் இருந்த முட்டையைப் பார்த்தாள்.

"எனக்கும் தெரியாது" என்றாள் மெல்ல. "தெரியாமத்தான் ஒங்கள வெளிய போகச் சொல்லிட்டேன்."

காவலில் இருப்பவர்கள் அந்த வார்த்தையைச் சொல்வது சாதாரணமில்லை. தெரியாது என்று அவள் சொன்ன அந்த ஒரு வார்த்தைக்குத்தான் அந்தக் கரை முழுவதும் கடன்பட்டிருக்கிறது. அவள் கல்லிலிருந்து தோளை எடுத்தாள். "உள்ள வாங்கடி எல்லாரும்! வண்டு வந்தா வரட்டும், நெத்த ஒடைச்சுப் பாருங்க!" என்று பொந்துக்குள் தலையை விட்டுக் கத்தினாள்.

எறும்புகள் உள்ளே நகர்ந்து வழிவிட, கிளுக்கியே ஒரு துவரை நெற்றையும் ஒரு மொச்சை நெற்றையும் அலகில் கவ்விக்கொண்டு வாசலுக்கு வந்தாள். உள்ளே உடைத்தால் வாசனை தங்கும் என்று, மழையில் தலையை வெளியே நீட்டி அங்கேயே உடைத்தாள். பச்சை வாசனையை மழை கழுவிக்கொண்டு போயிற்று. துவரையில் மூன்று. மொச்சையில் இரண்டு.

கிளுக்கியின் வாய்ப்பாடு தானாக ஓடியது. "முப்பது மூணு தொண்ணூறு. அம்மாடி! நான் மொத்தம்னு சொன்னது தொவரையிலயே இருக்கு! இருபது ரெண்டு நாற்பது. ஒங்க உதிரி நாற்பது. நூத்தி எழுபது!" என்று மழையில் நனைந்த தலையை உள்ளே திருப்பிக் கூவினாள். "எல்லாருக்கும் நூத்தி அம்பது போதும். இருபது மிச்சம்!"

அணில் குடும்பம் உள்ளிருந்து போட்ட கூச்சலில் பாறையே அதிர்ந்தது. வரிசையின் கடைசி எறும்பும் உள்ளே வந்தபின் செவலை மூன்று காலால் கல்லை இழுத்து வாசலை அடைத்தாள். நான்காவது காலைத் தூக்கியே வைத்திருந்தாள். உள்ளே வந்து, அந்தக் காலை மெதுவாகத் தரையில் வைத்து, கடுகியைக் கூப்பிட்டாள்.

"இந்தா, ஒம் புள்ள. நனையல."

கடுகி முட்டையை எடுத்துக்கொள்ளும் முன் செவலையின் நகத்தில் தன் தலையை ஒரு தடவை தொட்டாள். அதில் எண்ணும் இல்லை, சாமானும் இல்லை. நன்றி மட்டும்தான் இருந்தது.

கிளுக்கி மிளகியிடம் வந்து நின்றாள். "அத்தன பேருக்கு முன்னாடி என்னய ஒரு வார்த்த எளக்காரமாப் பேசல நீ. அத நான் மறக்க மாட்டேன்" என்றாள். மிளகி, "வாய்ப்பாடு எங்களுக்குத் தெரியாதே மதினி. நீங்க இல்லாட்டி அது அப்படியேதான் நின்னிருக்கும்" என்றாள். இரண்டு பேரும் சொன்னது நிஜம்.

மிச்சமிருந்த இருபது பருப்பையும் மழை விட்டபிறகு கரையில் ஊன்றினார்கள். அடுத்த வருஷம் கரையெல்லாம் துவரையும் மொச்சையும் காய்த்துத் தொங்கின. உள்ளே எத்தனை பருப்பு என்று வழக்கம்போல யாருக்கும் தெரியவில்லை. இந்தத் தடவை அதைப் பற்றி யாரும் பயப்படவில்லை.

கண்மாய்க் கரையில் உட்கார்ந்து இதைப் பார்த்த யாரோ ஒரு மனிதர்தான் நம் கணக்குப் புத்தகத்துக்கு இதைக் கொண்டுவந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். சாட்சி கேட்டால் என்னிடம் இல்லை. உங்கள் நோட்டில் எழுதிப் பாருங்கள்: 30து + 20மொ + 40. து என்பதும் மொ என்பதும் உடைக்காத ஒரு நெற்றுக்குள் இருக்கும் பருப்பின் எண்ணிக்கை. வருஷத்துக்கு வருஷம் உள்ளே இருப்பது மாறும், அதனால் டீச்சர் அதை மாறி என்பார். முன்னால் ஒட்டிக்கொண்டு நிற்கும் முப்பதும் இருபதும் எத்தனை நெற்று என்று சொல்பவை, அவை கெழு. கடைசியில் தனியாக நிற்கும் நாற்பது, நெற்றுக்குள் எத்தனை இருந்தாலும் நாற்பதுதான், அது மாறிலி. தலை தூக்கி இறக்கிய இடங்களில் கூட்டல் குறி. அது பிரித்துக் காட்டும் ஒவ்வொரு பகுதியும் ஓர் உறுப்பு. எல்லாம் வரிசையாகக் கோத்து நின்றால் கோவை. விடை ஒற்றை எண்ணாக முடியவில்லையே என்று உடம்பு அரித்தால் கிளுக்கியை நினைத்துக்கொள்ளுங்கள். நெற்று உடையும் நாள் வரும்வரை அது அப்படியே நிற்கட்டும்.

எறும்புகள் என்ன ஆயின என்று கேட்கிறீர்களா? தண்ணீர் வடிந்து வாசல் திறந்தபோது முட்டைகள் எல்லாம் பொரித்திருந்தன. மிளகி தன் கூட்டத்தைப் பார்த்துக் கடைசியாக வாய் திறந்து ஒன்று சொன்னாள்: "நம்மளக் காப்பாத்துன சேதி வாயால வரல. வாய் புள்ளைகளத் தூக்க இருக்கட்டும்." பிறகு அவள் பேசவே இல்லை. கடுகி செவலையின் நகத்தைத் தொட்டது போல, முன்னால் நின்றவளின் தலையை ஒரு தடவை தொட்டாள்.

அன்று முதல்தான் எறும்புகள் எவ்வளவு அவசரத்தில் போனாலும் எதிரே வருகிற ஒவ்வொருத்தியிடமும் ஒரு கணம் நின்று, தலையைத் தொட்டுக் கணக்கைச் சொல்லி, இன்னொரு தடவை தொட்டு நன்றியும் சொல்லிவிட்டுப் போகின்றன.